உப்புக் கேள்வி

"உங்க வீட்ல கல் உப்பா, தூள் உப்பா?"

எங்கள் சர்வே ஃபார்மில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஆனால் தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் வேலை பார்த்த இரண்டு வருடமும் எங்களுக்கு அதிகம் கைகொடுத்த கேள்வி இதுதான்.

அது பெண்களின் உடல்நலம் பற்றிய கணக்கெடுப்பு. ரத்தசோகை, பிரசவம், குடிநீர் என்று நிறையக் கேட்போம். நடுவில் ஒரு பகுதி, வீட்டில் அடி உதை உண்டா என்பது. இதை எப்படிக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001லேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும். எல்லாம் சரியான விதிகள். ஆனால் ஒரே ஒரு அறை, வாசலில் ஆட்டுக்குட்டி, திண்ணையில் ஆயா என்று இருக்கிற வீட்டில் 'தனியாக' என்பது எந்த இடம்? எங்களுக்கு அது பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்தான்.

முதல் வாரமே தடுக்கியது. எங்கள் குழுப் பெண் ஒருத்தி பாதிக் கேள்வியில் இருக்கும்போது மாமியார் வந்துவிட்டார். இவள் பயந்துபோய், பதில்களைப் பதிகிற டேப்லெட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னம்மா, நான் வந்ததும் வாய மூடிட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. நாங்கள் கிளம்பிய பிறகு மருமகளுக்கு அன்றைக்கு முழுக்க விசாரணை. என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன, எங்களப் பத்தி என்ன சொன்ன. மறுநாள் குழாயடியில் அந்த மருமகளே வந்து சொன்னதால்தான் எங்களுக்கே தெரிந்தது.

'பேச்சை மாற்று' என்று எழுதிவைப்பது சுலபம். எதற்கு மாற்றுவது? மூன்று நிமிடம் இழுக்கிற பேச்சாக இருக்க வேண்டும், சுகாதாரத்துக்கு வந்தவர்கள் கேட்கிற மாதிரியும் இருக்க வேண்டும், உள்ளே வந்தவருக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். உப்பைக் கண்டுபிடித்தது எங்கள் குழுவிலேயே வயதில் சின்னவள். 22 வயது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், அதே ஒன்றியத்துக்காரி. "உப்பு வாங்குறது மாமியாருங்கதானேக்கா. கேட்டா அவங்களே வந்து உக்காந்து பேசுவாங்க." அப்படியேதான் நடந்தது. அயோடின் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கல் உப்புதான் ஊறுகாய்க்கு நிற்கும், பாக்கெட் உப்பு போட்டால் களி ருசிக்காது என்று மாமியார்கள் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதற்கப்புறம் ஒப்புதல் வாங்கும்போதே பெண்களிடம் சொல்லிவிடுவோம்: யாராவது வந்தா நான் உப்பு பத்திக் கேப்பேன், நீங்களும் அதையே பேசுங்க.

உதவி எண் அட்டையிலும் இதே கதைதான். பெண்கள் உதவி மையத்தின் 181 என்ற எண்ணை மட்டும் பெரிதாக அச்சடித்து ஒரு கட்டு வந்திருந்தது. அடிக்கிறவன் கையில் அந்த அட்டை கிடைத்தால் என்ன ஆகும்? கட்டைப் பிரிக்கவே இல்லை. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098, கூடவே 181, நான்கையும் 'அவசர எண்கள்' என்ற தலைப்பில் ஒரே அளவு எழுத்தில் அடித்து, எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம்.

எங்கள் டாக்டரம்மா பயிற்சி வகுப்பில் அரிஸ்டாட்டிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பொது விதி தெரிந்தால் மட்டும் போதாது, இந்த இடத்தில் இந்த ஆளிடம் எது தகும் என்று தெரிகிற அறிவு தனி என்றாராம் அவர். கணக்கில் சின்னப் பிள்ளைகள்கூடத் தேறிவிடலாம், ஆனால் இந்த அறிவு அனுபவத்தால்தான் வரும் என்றும் சொன்னாராம். "பக்குவம்னு சொல்லுவோமே, அதானே மேடம்?" என்றார் குழுவில் மூத்த அக்கா ஒருவர். அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வார்த்தைதான். வயது விஷயத்தில் மட்டும் நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். உப்பைச் சொன்னவளுக்கு 22 வயது. ஆனால் அந்த வீடுகளுக்குள் அவளுக்கு இருந்தது 22 வருட அனுபவம். எங்களில் வேறு யாருக்கும் அது இல்லை.

இன்னொரு நாள். விரல் நுனியில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியைச் சின்னத் தகட்டில் எடுத்து மெஷினில் வைப்போம். ஒரு நிமிடத்துக்குள் ஹீமோகுளோபின் அளவு வந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு 5.8 என்று வந்தது. கை மாற்றி இன்னொரு முறை எடுத்தேன். 5.9. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. பின்னால் சுற்றி நின்றவர்கள் நகர்ந்ததும் என் காதோடு சொன்னாள்: "நாலு மாசம்கா. யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க."

இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே ஊருக்குத் தெரிந்து, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. கண்பட்டதால்தான் என்று அவள் நம்பினாள். அஞ்சாவது மாதம்வரை மூச்சுவிடக் கூடாது என்று இருந்தாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த கணவனுக்கு மட்டும் தெரியும்.

கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் தீவிர ரத்தசோகை. எங்கள் விதிப்படி பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். சீட்டில் 'கர்ப்பிணி' என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் போட வேண்டும். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வீட்டில் சீட்டைப் படிக்கப்போவது ஆறாவது படிக்கிற கொழுந்தன் மகன், அதுவும் சத்தமாக.

கண்பட்டது என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் அவளிடம் வாதாடவில்லை. அவளுக்கு அன்றைக்குத் தேவை ரத்தம், பாடம் இல்லை. கட்டத்தில் டிக் போடாமல் 'ரத்தம் குறைவு, மறுபரிசோதனை' என்று மட்டும் எழுதினேன். அவளிடம் கேட்டேன்: "நர்ஸம்மாகிட்ட மட்டும் சொல்லட்டுமா? அவங்க வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க." ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். கிராம சுகாதார செவிலியருக்கு ஊரின் கண் எங்கே இருக்கும் என்று தெரியும். "செவ்வாய்க்கிழமை வேணாம். அன்னிக்கு கர்ப்பிணிங்க நாள், ஆட்டோவுல ஏறினாலே ஊருக்குத் தெரிஞ்சிரும். வியாழக்கிழமை வரச் சொல்லு, தனியா இல்ல" என்றார். அந்த ஊரில் 8க்குக் கீழே இருந்த இன்னும் நான்கு பெண்களையும் சேர்த்து, ஐந்து பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். மற்ற நால்வரும் மாத்திரையோடு திரும்பினார்கள். இவளுக்கு அங்கேயே இரும்புச்சத்து ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள்.

சீட்டில் முழு விவரம் எழுதாதது விதிமீறல்தான். அன்று சாயங்காலமே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்லிப் பதிவில் எழுதிவைத்தேன். மறைத்து மீறியிருந்தால் அது வேறு.

சரி, இப்போது எங்கள் தப்பைச் சொல்கிறேன். இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

காசநோய்க்கு மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் அதே பலன்தான் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. 1956ல் தொடங்கி 1959ல் முடிவு வெளியானது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நோயாளியைத் தேடி வீட்டுக்குப் போவது என்பது நம் ஊரில் அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் வீட்டுக்குப் போனால் வீட்டு வாசலுக்கு எதிரே தெரு இருக்கிறது. அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

வேறொரு திட்டம், இருமல் உள்ளவர்களிடம் சளி எடுக்கிற வேலை. ஒன்று அப்போதே, இன்னொன்று மறுநாள் விடிகாலையில். காலை ஆறு மணிக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், பெட்டியோடு இறங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை வாங்கிக்கொண்டு வருவோம். ஜீப்பின் பக்கவாட்டில் 'காசநோய்' என்று பேனர். அந்தத் தெருவில் ஒரு பெண், வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக இருமல். அவள் வீட்டு முன்னால் வண்டி ஐந்து நிமிடம் நின்றது, அவ்வளவுதான்.

முடிவு வந்தது, காசநோய் இல்லை. அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. துணி கொடுத்தவர்கள் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். "நீங்க நல்லதுக்குத்தான்கா வந்தீங்க. ஆனா வண்டிய ஏன் என் வீட்டு வாசல்ல நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

ரகசியம் காக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் எழுத்துப் பிசகாமல் காத்திருந்தோம். பெயர் வெளியே போகவில்லை, முடிவு வெளியே போகவில்லை. ஆனால் வண்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, அதுவும் பொய்யாக. இப்போது போய் 'அவளுக்கு ஒன்றும் இல்லை' என்று தெருவில் சொல்லலாமா? சொன்னால் சோதனை செய்ததை நாங்களே ஊரறியச் சொன்னதாகும். அவளிடமே கேட்டோம். வேண்டாம் என்றாள், "சொல்லச் சொல்ல இன்னும் பேசுவாங்க." அப்புறம் எங்கள் குழுவில் மூன்று பேர் ஆளுக்கொரு ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு நடந்தே போனோம். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளவு கொடுத்தோம், அவள் கொடுத்த டீயைக் குடித்தோம், சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் போய் வாங்கினோம், மறுபடியும் கொடுத்தோம். நர்ஸம்மாவும் ஒன்று கொடுத்தார். மெல்ல மெல்ல வேலை திரும்பியது. பழைய அளவுக்கு வந்ததா என்றால், வரவில்லை.

அதற்கப்புறம் பேனரைக் கழற்றிவிட்டோம். வண்டி பள்ளிக்கூடத்தருகே நிற்கும், நாங்கள் நடந்து போவோம். டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். இரண்டே நாளில் மஞ்சப்பையே 'டீபி பை' ஆகிவிடும் என்றார் இன்னொருவர், அவர் சொன்னதுதான் சரி. அதனால் இருமல் இருக்கிறதோ இல்லையோ, எல்லா வீட்டுக்கும் சோப்பும் காலண்டரும் வைத்து ஒரே மாதிரி பை. செலவு கூடியது. டாக்டரம்மா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போனால் ஒரே இடத்தில் அறுபது பெண்கள் கிடைப்பார்கள், நாலு நாள் வேலை ஒரு நாளில் முடியும். பணித்தளப் பொறுப்பாளர் நல்ல மனுஷன். எங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, "எல்லாரும் வரிசையா வந்து மேடம் ஃபார்ம்ல கைநாட்டு வைங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். வரிசை வந்துவிட்டது. வருகைப் பதிவைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? 2009, 2010ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டது பெரிய பிரச்சினையாகி, 2010 ஏப்ரலில் திட்டமே நிறுத்தப்பட்டது. பொறுப்பில் இருப்பவர் அனுமதி கொடுத்தாலும் அது தனி ஆளின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அன்று நாங்கள் வரிசையில் நின்ற எல்லோருக்கும் ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு ஃபார்மும் எழுதாமல் திரும்பினோம். பிறகு வீடு வீடாகப் போனபோது பதினோரு பேர் மாட்டேன் என்றார்கள். அந்தப் பதினோரு பேரும் ஏரிக்கரையில் வரிசையில் நின்றவர்கள்.

எனக்கு இன்னும் அடங்காத விஷயம் ஒன்று உண்டு.

ஒரு வீட்டில் மருமகளுக்கு வயது 19 என்று மாமியார் சொன்னார். தனியாக இருக்கும்போது அந்தப் பெண், போன வருஷம்தான் பத்தாவது பரிட்சை எழுதினேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் குழுப் பெண் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பதினாறு. ஏழு மாதக் கர்ப்பம், எங்கேயும் பதிவு செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்பதால் வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை விஷயத்தில் இப்படி ஒன்று தெரியவந்தால் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பது குற்றம். எங்கள் ஒப்புதல் படிவத்திலோ, 'நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வரியை நம்பித்தான் அவள் பேசினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்தது டீக்கடை பெஞ்சில். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, தினமும் ஐந்தரைக்கு மேல் எல்லோரும் உட்கார்ந்து, 'இன்னிக்கு என்ன தடுக்குச்சு?' என்று ஆளாளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யார் பெயரும் சொல்லக் கூடாது, எந்த ஊர் என்றும் சொல்லக் கூடாது. அன்றைக்கு மட்டும் கடைக்காரர் விளக்கை அணைக்கிறவரை பேசினோம். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அவர்களும் அக்கறையில்தான் சொன்னார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த உடம்பும் அந்த வயதும் வீட்டில் பிரசவம் தாங்குமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டிக்கு ராத்திரியே டாக்டரம்மா எழுதினார். பதில் வருவதற்குள் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது: முதலில் அவளிடம் சொல்வது. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது.

மறுநாள் நானே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சட்டம் என்ன சொல்கிறது, நாங்கள் என்ன செய்யப்போகிறோம், அவள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், கூட யார் இருந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்று எல்லாம் சொன்னேன். பெரியம்மாவைச் சொன்னாள். கடைசியில், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லித்தானே கேட்டீங்க?" என்றாள். ஆமா, அப்படித்தான் சொன்னோம், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

டாக்டர் மூலமாகக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போனது. பெரியம்மா கூடவே இருந்தார். குழந்தை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். கணவனைக் கைது செய்தார்கள். அவனுக்கும் பெரிய வயதில்லை. எங்கள் குழுப் பெண்ணோடு அவள் அதற்கப்புறம் பேசவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் குழுப் பெண் வேலையை விட்டுவிடுகிறேன் என்று இரண்டு முறை வந்து அழுதாள்.

சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த முதல் வரி தப்பு. காக்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டுப் பேச வைத்தோம். இப்போது எங்கள் படிவத்தில் அது மாறிவிட்டது: 'நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருப்போம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பற்றிய சில விஷயங்களைச் சட்டப்படி நாங்கள் சொல்லியாக வேண்டும்.' இதை வாசித்ததும் சில வீடுகளில் பெண்கள் சட்டென்று அடங்கிப்போகிறார்கள். வயது கேட்டால் உடனே 19 என்கிறார்கள். எங்கள் கணக்கு அந்த அளவுக்குக் குறைபட்டுப்போகிறது, உதவி தேவைப்படுகிற ஒருத்தி எங்களிடம் வாய் திறக்காமல் போகலாம் என்பதும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வரியை வைத்திருக்கிறோம். வேறு வழி தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

ஒன்று மட்டும் திட்டம் தீட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஐந்தரை மணிக்கு ஒரு மணி நேரச் சம்பளம் போடுங்கள். எங்களுக்கு டாக்டரம்மா போட்டார், அது பட்ஜெட்டில் தனி வரியாகவே இருந்தது. வேலை நேரம் முடிந்த பிறகு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் யாரும் மனதில் உறுத்துவதைப் பேச மாட்டார்கள். உப்பும் அங்கேதான் பிறந்தது, ஒரே மாதிரி பையும் அங்கேதான் பிறந்தது.

போன மாதம் அதே ஒன்றியத்துக்கு மறு சர்வேக்குப் போயிருந்தேன். பழைய வீடு ஒன்று. முதல் வாரம் மாமியாரிடம் விசாரணைபட்டு, மறுநாள் குழாயடியில் வந்து சொன்னாளே, அந்த மருமகள்தான். ஒப்புதல் எல்லாம் முடிந்து, பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து ஆரம்பித்தோம். அடி உதை பகுதிக்கு வந்தேன். அவள் எதுவும் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் சட்டென்று நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்:

"எங்க வீட்ல எப்பவுமே கல் உப்புதான்கா."

திரும்பிப் பார்க்காமல் டேப்லெட்டில் விரலை நகர்த்தினேன். "மாசத்துக்கு எத்தனை கிலோ வாங்குவீங்க?" என்று கேட்டேன்.